வலம் என்றால் எந்தப் பக்கம்

2025 பெப்ரவரி 22, சனிக்கிழமை. நாலரைக்கு எழுந்தேன். முகம் கழுவி, விளக்கேற்றி, மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற மோட்டரைப் போட்டேன். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் இடியப்பமும் சொதியும். மாவைக் குழைத்துப் பிழிந்து, தட்டுகளை அடுக்கி அடுப்பில் வைத்துவிட்டு, அது அவிகிற நேரத்தில் மகளின் பாண்ட் சீருடையை அயன் பண்ணினேன். வெள்ளை மேற்சட்டை, நீலப் பட்டி, தோளில் தொங்கும் பொன்னிறக் கயிறு. முதல் நாளே அயன் பண்ணி மாட்டி வைத்ததுதான். ஒரு சுருக்கமும் இல்லை. இருந்தும் மறுபடி பண்ணினேன். கைகளுக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

மகள் எழுந்து வந்து ஒன்றும் பேசாமல் குசினி வாசலில் நின்றாள். கோபம் இல்லை. தொண்டையைப் பாதுகாக்க வேண்டும் என்று முதல் நாள் பின்னேரத்திலிருந்தே வாய் திறப்பதில்லை. கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். உப்புப் போட்ட சுடுதண்ணீர் கொடுத்தேன். கொப்பளித்தாள். பாடசாலையின் மேலைத்தேய வாத்தியக் குழுவுக்கு அவள்தான் தலைவி. எல்லோரும் சொல்வது பாண்ட் லீடர். முன்னால் கோலைச் சுழற்றிக்கொண்டு நடப்பவள், நட, நில், திரும்பு என்று கூப்பிடுபவள். அன்று பாடசாலைகளுக்கிடையிலான பாண்ட் போட்டி. உயர்தரப் பரீட்சை வருவதால் இதுதான் அவளுக்குக் கடைசி வருடம்.

கணவர் தேநீருடன் வந்து சாப்பாட்டு மேசையில் இருந்தார். மகளைப் பார்த்துப் பேசினார், ஆனால் சொன்னது எனக்கு.

"இண்டைக்கு எண்டாலும் கொட்டாஞ்சேனைக்கு வாயை அடைச்சுப் போட்டு வாங்கோ."

நான் பிறந்து வளர்ந்தது நகரத்தின் மறு கோடியில் இருக்கும் கொட்டாஞ்சேனையில். படித்ததும் அங்கேதான். கல்யாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்தேன். கணவரின் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். என் அண்ணா இன்றும் கொட்டாஞ்சேனையில்தான் இருக்கிறார், துறைமுகத்தில் வேலை. அண்ணாவின் மகள் நான் படித்த பாடசாலையில் படிக்கிறாள், அங்கே பாண்டில் சிறிய மேளம் அடிக்கிறாள். ஆக அன்று போட்டியில் என் மகள் ஒரு பக்கம், என் மருமகள் மறு பக்கம். நான் எந்தப் பக்கம் என்று கணவர் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே ஒரு கேள்வியாகக் காலை முழுக்க வீட்டுக்குள் நின்றது.

இந்த இரண்டு பாடசாலைகளின் பாண்டுகளும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருப்பது எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து. கொட்டாஞ்சேனைக்காரருக்கு வெள்ளவத்தை பாண்ட் என்றால் சீருடை மட்டும்தான். வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவிகள் அனுப்பிய பளபளக்கும் வாத்தியங்களை அடிக்கப் பயந்து தடவுகிறார்கள் என்பார்கள். வெள்ளவத்தைக்காரருக்குக் கொட்டாஞ்சேனை பாண்ட் என்றால் சத்தம் மட்டும்தான். கோயில் திருநாள் ஊர்வலத்தில் பழகியவர்கள், ஊர்வலம் மாதிரியே ஆடிக்கொண்டு வருவார்கள் என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. கொட்டாஞ்சேனை பாண்டைப் பழக்குபவர் மாதா கோயில் பாண்டில் எக்காளம் ஊதுபவர். குண்டும் குழியுமான தெருவில், பஸ்ஸுக்கும் லொறிக்கும் வழி விட்டு விட்டு நடக்கப் பழகிய பிள்ளைகளுக்கு எந்த மூலையும் மூலையே இல்லை.

எங்களுக்கு மூலைதான் பிரச்சினை.

போன வருடம் நடந்ததை எழுத வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. மைதானத்தின் நீளப் பக்கமாக வந்து, மூலையில் வலது பக்கம் திரும்பி, நடுவர்களின் மேசைக்கு முன்னால் போக வேண்டும். அப்போது லீடர் வேறொரு பிள்ளை. மூலைக்கு வந்ததும் "வலம் திரும்பு" என்று அழகாகக் கூப்பிட்டாள். முன் வரிசைகள் வலது பக்கம் திரும்பின. பின் வரிசைகளில் பாதி இடது பக்கம் திரும்பி வேலியை நோக்கிப் போயின. பெரிய மேளம் அடித்த பிள்ளை எந்தப் பக்கம் என்று தெரியாமல் மேளத்தை அடித்தபடி நேரே போய்க்கொண்டே இருந்தாள். மைதானம் முழுக்கச் சிரித்தது. யாரோ அதைப் படம் பிடித்து, பின்னால் ஒரு சினிமாப் பாட்டை ஒட்டி அனுப்பிவிட்டார்கள். அது இரண்டு ஊரிலும் போகாத போன் இல்லை. அண்ணாவும் எனக்கு அனுப்பினார். கூடவே, எங்களுக்கு வடக்கிலும் தெற்கிலும் இருக்கும் ஊர்களை வைத்து ஒரு வரி: "தங்கச்சி, உங்கட பாண்டுல பாதி பம்பலப்பிட்டிக்குப் போகுது, பாதி தெஹிவளைக்குப் போகுது."

காரணம் சின்னது. எங்கள் பாண்டைப் பழக்குபவர் இராணுவ பாண்டில் இருந்து ஓய்வு பெற்ற சிங்களவர். வாத்தியத்தில் கெட்டிக்காரர். தமிழ் அவ்வளவு வராது. "ஒலுவ கெலின், ஒலுவ கெலின்" என்று ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் நேராக்கிக்கொண்டே நடப்பார். கட்டளை எல்லாம் சிங்களத்தில்தான். சிங்களத்தில் 'வம' என்றால் இடது. 'வமட்ட' என்றால் இடது பக்கம். தமிழில் வலம் என்றால் வலது. வருடக்கணக்காக அவருடைய 'வமட்ட'வுக்கு இடது பக்கம் திரும்பிய கால்கள், போட்டியன்று 'வ' என்ற முதல் எழுத்தைக் கேட்டதுமே இடது பக்கம் போய்விட்டன. மூளை 'லம்' வரைக்கும் கேட்குமுன்னர் கால் முடிவெடுத்துவிட்டது.

சிங்களத்திலேயே கூப்பிட்டால் என்ன என்று கேட்கலாம். போட்டி விதிப்படி, பாடசாலை எந்த மொழியில் படிப்பிக்கிறதோ அந்த மொழியில்தான் கட்டளை. மீறினால் புள்ளி கழிப்பார்கள்.

நான் அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். இரத்தப் பரிசோதனை ஆய்வுகூடத்தில் என் வேலை முடிந்து வீடு வரும்போது திரீவீலரில் ஏறி, ஓட்டுகிற தம்பியிடம் "வமட்ட, மல்லி" என்று சிங்களத்தில் சொல்லித்தான் எங்கள் ஒழுங்கைக்குள் திருப்புகிறேன். வீட்டுக்குள் வந்ததும் கணவரிடம், "வலப்பக்கத் தட்டில இருக்கு, பாருங்கோ" என்கிறேன். ஒரே வாய். ஒருநாள் திரீவீலரில் போனில் கணவருடன் கதைத்துக்கொண்டே வந்து, ஓட்டுநரிடம் "வலம்" என்று சொல்லிவிட்டேன். அவர் அதை 'வம' என்று எடுத்து இடது பக்கம் திருப்பினார். நான் போக வேண்டியதும் இடது பக்கம்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. இரண்டு பேரும் பிழை, வந்து சேர்ந்தது சரியான இடம்.

அந்தப் படம் பரவிய பிறகு அதிபர் சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை இப்படிச் சிரிப்பாய்ச் சிரித்தால், பாண்ட் இனிப் பாடசாலைக்குள் நடக்கும் இல்ல விளையாட்டுப் போட்டியோடு நிற்கட்டும், வெளியே போக வேண்டாம். லீடர் பதவி மகளுக்கு வந்தபோது அதையும் சேர்த்துத்தான் கையில் கொடுத்தார்கள். "முதலாம் இடம் வராட்டியும் பரவாயில்லை அம்மா," என்று அவள் ஒருநாள் சொன்னாள். "அந்த மூலையில பிரியாமத் திரும்பினாப் போதும்." நான் தலையை ஆட்டினேன். ஆனால் எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

பழகினார்கள். பாடசாலை விட்டதும் வெயிலில் மைதானத்தில் வலம், இடம், வலம், இடம் என்று தமிழிலேயே கூப்பிட்டுத் திருப்பினாள். வீட்டிலும் அது நிற்கவில்லை. நான் சொதிச் சட்டியுடன் வரும்போது "அம்மா, வலம்" என்பாள். நான் இடது பக்கம் விலகினால் கைகொட்டிச் சிரிப்பாள், உடனே முகம் மாறிவிடும். பெரிய மேளம் அடிக்கும் பிள்ளை எங்கள் அடுத்த ஒழுங்கையில் இருக்கிறாள், மகளின் நெருங்கிய சிநேகிதி. போன வருடம் நேரே போனவள் அவள்தான். பின்னேரங்களில் அவள் வந்து எங்கள் வீட்டு நடையில் மேளம் இல்லாமல் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நடப்பாள். மகள் கூப்பிடுவாள். பெரும்பாலும் சரியாகத் திரும்புவாள். எப்போதாவது ஒருமுறை கால் தடுமாறும். தடுமாறியதும் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

போட்டி நகரத்தின் நடுவில் ஒரு பொது மைதானத்தில். பிள்ளைகள் பாடசாலை பஸ்ஸில் போய்விட்டார்கள். நானும் கணவரும் பின்னால் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. படிக்கட்டு வரிசையில் வெள்ளவத்தைப் பெற்றோர் ஒரு பக்கம், கொட்டாஞ்சேனைப் பெற்றோர் மறு பக்கம். யாரும் சொல்லி வைத்ததில்லை. நடுவில் ஓர் ஆள் இருக்குமளவு இடைவெளி விட்டிருந்தார்கள். நான் அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் இருந்தேன். அண்ணா மறு பக்கத்திலிருந்து எழுந்து வந்து அந்த இடைவெளியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"மச்சான், குடை கொண்டு வந்தீங்களா? போன வருஷம் மாதிரி இந்த முறையும் முகத்த மறைக்க வேண்டி வரும்."

"உங்கட மேளம் இன்னும் அந்த ஒட்டுப் போட்டதுதானோ?" என்றார் கணவர். "ஹாபரில புதுசா ஒண்டும் இறங்கேல்லையோ?"

"மேளம் பழசுதான் மச்சான். அடிக்கிற கைக்கு ஒட்டுத் தேவையில்ல." அண்ணா என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, பிள்ளை இன்டைக்கு என்ன சொல்லித் திருப்பப் போறா? பேசாம சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க என்டு சொல்லச் சொல்லு. சோறு தின்ற எல்லாருக்கும் விளங்கும்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கணவர் சிரிக்கவில்லை.

"நாங்கள் தமிழிலதான் சொல்லுவம். சல்லி, மல்லி எண்டு கதைக்கிற ஆக்களிட்டப் போய்த் தமிழ் படிக்கிற நிலைமை எங்களுக்கு இன்னும் வரேல்லை."

"ஆ, அது சரி. எங்கட பிள்ளைகள் சல்லி என்டு சொல்லும், ஆனா தமிழ்லதான் திரும்பும். உங்கட பிள்ளைகள் பணம் என்டு சொல்லும், சிங்களத்துல திரும்பும்."

நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். தாகம் இல்லை. போத்தல் என் பையிலேயே இருந்தது. மைதானத்து ஓரமாக நடந்து, அந்த மூலையைப் போய்ப் பார்த்தேன். சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். முதல் நாள் மழைக்குக் கொஞ்சம் சேறு. அங்கே நின்று வலது கை எது என்று எனக்கு நானே காட்டிக்கொண்டேன். இந்த வயதில் இப்படி நிற்பதை யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

கொட்டாஞ்சேனை முதலில் வந்தது. என் பாடசாலை. மருமகள் மூன்றாம் வரிசையில் ஓரமாக வந்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டு. சீருடையின் வெள்ளை பழுப்பாகியிருந்தது. ஆனால் அந்த அடி இருக்கிறதே, அது நெஞ்சுக்குள் விழுகிற அடி. "வலம் திரும்பு" என்று அவர்களின் லீடர் கூப்பிட்டதும், கதவு பிணைச்சலில் திரும்புவது போல வரிசை முழுவதும் திரும்பியது. என் கால் கீழே தாளம் போட்டுக்கொண்டிருந்ததைக் கணவர் குனிந்து பார்த்தார்.

"அது எந்த ஊர்க் கால்?"

காலை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி போட ஆரம்பித்தது.

இடையில் வேறு பாடசாலைகள் வந்து போயின. எதையும் நான் பார்க்கவில்லை. பிறகு எங்கள் பாண்ட். முன்னால் மகள். கோல் வெயிலில் மின்னியது. தூரத்திலிருந்து பார்க்க அவள் உயரமாகத் தெரிந்தாள். "ஒலுவ கெலின்" சொல்பவர் வேலிக்கு வெளியே இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பயிற்றுநர்கள் உள்ளே போகக் கூடாது. வாத்தியம் சுத்தமாக இருந்தது, ஒரு சுரம் பிசகவில்லை. அண்ணாகூட வாயை மூடிக்கொண்டு கேட்டார்.

ஒரு விஷயம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாண்ட் லீடர் எப்போதும் முன்னால் நடக்கிறாள். பாண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் கட்டளை கூப்பிட வேண்டும். தன் பின்னால் யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. போன வருடத்து லீடருக்கும் சனங்கள் சிரித்த பிறகுதான் தெரிந்தது.

மூலை நெருங்கியது. மகள் கோலை உயர்த்தினாள். நான் மனசுக்குள் 'வலம்' என்று சொன்னேன். கணவரின் உதடும் அசைந்தது.

"தகுணட்ட!"

சிங்களத்தில் வலது பக்கம். மைதானம் முழுக்கக் கேட்கும்படியாக, குரல் உடையாமல் கூப்பிட்டாள். பாண்ட் திரும்பியது. முன் வரிசை, நடு வரிசை, பின் வரிசை, பெரிய மேளம், கடைசியில் வந்த சின்னப் பிள்ளைகள், அத்தனை பேரும் ஒரு துணியை மடித்தது போலத் திரும்பி நடுவர்களின் முன்னால் போனார்கள். எங்கள் பக்கத்துப் பெற்றோர் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் எழுந்தேன். கை பாதியில் நின்றுவிட்டது. நடுவர்களில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ சொல்வதைப் பார்த்தேன்.

அண்ணா மெதுவாகச் சொன்னார், "சரியாத்தான் திரும்பினாங்க." பிறகு அவரால் அடக்க முடியவில்லை. "ஆனா மச்சான், அது என்ன தமிழ்? யாழ்ப்பாணத்துத் தமிழா?"

கணவர் இன்னும் பலமாகக் கைதட்டினார்.

முடிவை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கொட்டாஞ்சேனை முதலாம் இடம், நாங்கள் இரண்டாம் இடம். அடுத்த சுற்றுக்கு முதலாம் இடம் மட்டும்தான் போகும். பொறுப்பாசிரியை எங்களிடம் வந்து, மொழிக்குக் கழித்த புள்ளியைக் கழிக்காமல் விட்டிருந்தால் முதலாம் இடம் நமக்குத்தான் என்றார். அதிபர் திருப்தி, பாண்ட் இனியும் வெளியே போகும் என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால் நான் எதற்கு முகம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன்.

மகளைத் தேடிப் படிக்கட்டுகளின் பின்பக்கம் போனேன். பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். மருமகள் அதற்குள் ஓடி வந்து மகளைக் கட்டிப்பிடித்து, "மச்சாள், நீங்க திரும்பினதப் பாத்து எங்கட மிஸ் வாயப் பொத்திட்டா!" என்று சொல்லிவிட்டுத் தன் கூட்டத்துக்கு ஓடினாள். அவள் போன பிறகும் வட்டம் அப்படியே நின்றது. பெரிய மேளம் அடிக்கும் பிள்ளை மேளத்தைக் கழற்றி நிலத்தில் வைத்தாள். முகம் சிவந்திருந்தது.

"ஏன்டி சிங்களத்தில கூப்பிட்டனி?"

"பிரிஞ்சிடுவீங்களோ எண்டு பயந்திட்டன்," என்றாள் மகள். முதல் நாள் பின்னேரத்திலிருந்து, கட்டளை தவிர, அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. குரல் கட்டியிருந்தது.

"நாங்கள் பிரிஞ்சிருக்க மாட்டம்."

"உனக்கு எப்பிடித் தெரியும்? போன கிழமையும் நடையில நீ தடுமாறினனி."

"அது நடை. இது மைதானம். போன வருஷம் நேரா நடந்து போனது நான்தான்டி. அந்த வீடியோவில ஆள் நான்தான். இந்த வருஷம் 'வலம்' எண்டு கேட்டு, வலம் திரும்பி, அதை எல்லாரும் பாக்க வேணுமெண்டு நிண்டனான். நீ விடேல்ல." அவள் கையுறையை உரித்தாள். "எங்கள நம்பாட்டி நீ ஏன் முன்னுக்குப் போறாய்?"

மற்றப் பிள்ளைகள் யாருடைய பக்கம் என்று தெரியாமல் சப்பாத்தைப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை, "எனக்கெண்டா 'தகுணட்ட' கேட்டோன்ன நிம்மதியாப் போச்சு," என்றாள். இன்னொருத்தி, "சும்மா இரடி," என்றாள். மகள் கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வந்ததை அவள் கண்டாள். சொல்ல என்னிடம் இருந்ததெல்லாம் தாயின் பேச்சு. அது அங்கே உதவாது.

வீட்டுக்குத் திரும்பும்போது திரீவீலரில் மூன்று பேர். கணவர் மேன்முறையீடு பற்றிப் பேசினார். பயிற்றுநர் சிங்களவராக இருக்கும்போது பிள்ளைகள் வேறு என்ன செய்வது, விதியே பிழை என்றார். மகள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கள் ஒழுங்கை வந்ததும் ஓட்டுநர் "கொய் பத்தட்டத?" என்று கேட்டார், எந்தப் பக்கம் என்று. மூன்று பேரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் நான் கையைக் காட்டினேன்.

பின்னேரம் அண்ணா போன் எடுத்தார். பின்னால் வெடிச் சத்தம் கேட்டது. அவர்களுடைய ஒழுங்கையில் கொண்டாட்டம்.

"தங்கச்சி, மச்சானிட்டச் சொல்லு, இனிக் கொட்டாஞ்சேனைத் தமிழப் பத்தி ஒரு வசனம் கதைக்கப்படாது என்டு. எழுதியே தரச் சொல்லு."

"அண்ணா, நாங்கள் நல்லாத்தானே திரும்பினம்."

"நல்லாத் திரும்பினீங்க. யாரு இல்லை என்டது? நான் என்ட வாயால சொன்னனே. பிள்ளை அழுறாவா?"

"இல்லை."

"அழுதா நல்லது. அழாட்டித்தான் கஷ்டம்." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "நீ இன்டைக்கு யாருக்குக் கைதட்டின? உண்மையச் சொல்லு," என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அலுமாரித் துணிகளை எடுத்து மறுபடி மடித்தேன். குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்தேன். மகள் அறைக்குள் இருந்தாள். இரவுச் சாப்பாட்டுக்கு வந்து, கொஞ்சம் புட்டைப் பிசைந்துவிட்டு, "அம்மா, அவையள் திரும்பியிருப்பினமோ?" என்று கேட்டாள்.

ஆய்வுகூடத்தில் என்னிடம் சிலர் வந்து, இரத்தம் எடுக்காமலே, உங்களுக்கு என்ன தோன்றுகிறது மிஸ் என்று கேட்பார்கள். எடுக்காத இரத்தத்துக்கு முடிவு எழுத முடியாது என்று சொல்லி அனுப்புவேன். அதைத்தான் மகளிடமும் சொன்னேன். சொன்னதும் அது எவ்வளவு கல் மாதிரியான பதில் என்று தெரிந்தது. ஆனால் அவள் பிசைவதை நிறுத்திவிட்டுக் கையைக் கழுவினாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

23, ஞாயிற்றுக்கிழமை. விளக்கேற்றவில்லை, மோட்டரைப் போடவில்லை. முதலில் செய்தது, மகளுடன் கதவைத் திறந்துகொண்டு இறங்கியதுதான். அவள் சப்பாத்துப் போட்டு வாசலில் தயாராக நின்றாள், கோல் இல்லாமல். ஒழுங்கையால் நடந்து, கடற்கரை வீதியைக் கடந்து, தண்டவாளத்துக்கு அப்பால் மணலில் இறங்கினோம். வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. இரவு அவள் போனில் கூப்பிட்ட ஏழெட்டுப் பிள்ளைகள் அங்கே நின்றார்கள். பெரிய மேளம் அடிக்கும் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள்.

மகள் போய் முன்னால் நின்றாள். மற்றவர்கள் பின்னால் வரிசையானார்கள். கடைசியாக மேளக்காரப் பிள்ளையும் வந்து, தன் இடத்தில், எல்லோருக்கும் பின்னால் நின்றாள். தெற்குப் பக்கம் பார்த்து நின்றதால் வலது பக்கம் கடல், இடது பக்கம் தண்டவாளம். வாத்தியம் இல்லை. வாயால் தாளம் போட்டுக்கொண்டு நடந்தார்கள். மணலில் கால் புதைந்து தாளம் பிசகியது. மகள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

"வலம் திரும்பு!"

கட்டிய குரல் இடையில் பிளந்தது. அவள் கடல் பக்கம் திரும்பி நடந்துகொண்டே போனாள். பின்னால் நின்ற நான் பார்த்தேன். அத்தனை பேரும் கடல் பக்கம்தான் போனார்கள். ஈர மணல் வந்ததும் தாளம் தானாக நின்றுவிட்டது.

"பாத்தியாடி?" என்று பின்னாலிருந்து மேளக்காரப் பிள்ளை கத்தினாள்.

"இல்லை," என்றாள் மகள், கடலைப் பார்த்தபடியே. "நான் பாக்கேல்ல. இன்னொருக்கா."

எல்லோரும் சப்பாத்தில் ஒட்டிய மணலை உதறிவிட்டு, மறுபடி வரிசையில் போய் நின்றார்கள்.